காலையில் விரல் மடங்கவில்லையா? ரத்தம் துப்பு சொல்லும்!

தாராவியில் தோல் பை தைப்பவருக்கும், விடியுமுன் இட்லி அவிப்பவருக்கும், மாட்டுங்காவிலிருந்து கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போகும் குமாஸ்தாவுக்கும் சோறு போடுவது விரல்கள்தான். காலையில் எழுந்ததும் அந்த விரல்கள் விறைத்து, மடங்க ஒரு மணி நேரம் ஆகிறதா? கணுக்கள் வீங்கி, ஆறு வாரமாகியும் வடியவில்லையா? "வாயுப் பிடிப்பு, ஊருக்குப் போய் எண்ணெய் போட்டுக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. அது முடக்குவாதமாக இருக்கலாம்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டுகளையே தாக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். முப்பது, நாற்பது வயதிலும் வரும். எலும்பு அரித்து விரல் கோணிய பிறகு, மருந்தால் அதை நிமிர்த்த முடியாது.

ஆட்டு ரத்தம் காட்டிய வழி

1940-ல் நார்வே டாக்டர் எரிக் வாலர், இந்நோயாளி ஒருவரின் ரத்த நீர் பட்டதும் செம்மறி ஆட்டின் சிவப்பணுக்கள் திரண்டு ஒட்டிக்கொள்வதைக் கண்டார். இன்றைய 'ஆர்.ஏ. ஃபாக்டர்' பரிசோதனைக்கு அதுவே மூலம். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. நோய் உள்ள நூறு பேரில் இருபது, முப்பது பேருக்கு அது தெரியாது. காசநோய், தொழுநோய் உள்ள சிலருக்கோ, முடக்குவாதம் இல்லாமலே தெரியும்!

பின்னர் வந்த 'ஆன்டி சி.சி.பி.' பரிசோதனை இந்தக் குழப்பத்தைப் பெரிதும் குறைத்தது. நெதர்லாந்தில், பிற்பாடு இந்நோய் கண்ட 79 பேர் முன்பு தானம் செய்திருந்த ரத்தத்தைச் சோதித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேரின் ரத்தத்தில், வலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த இரண்டு அடையாளங்களில் ஒன்றாவது இருந்தது.

இவற்றோடு வீக்கத்தின் வேகத்தைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனைகளும் உண்டு. மூட்டு வலி என்றதும் 'ஏ.எஸ்.ஓ.' பார்க்கச் சொல்வதும் நடக்கிறது. அது தொண்டைப் புண்ணுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வரும் ரூமாட்டிக் காய்ச்சலுக்கானது. இதற்கு வீண் செலவு.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் வீக்கம் இருந்தால் விட்டுவிடக் கூடாது. கையைத் தொட்டுப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். சமீபத்தில் சிக்குன்குன்யா காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அதுவும் இதே போல மூட்டைப் பிடிக்கும்.

தாராவியை ஒட்டியே சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. பொது மருத்துவப் பிரிவுக்குக் கேஸ் பேப்பர் எடுத்து, பழைய ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோகலாம். பெரும்பாலும் முதலில் தரப்படுவது மெத்தோடிரெக்சேட் மாத்திரை. அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது.