மின்சாரத்தைத் துண்டித்தாலும் குறையாத அழுத்தம்: தொழிற்சாலை வாயு உலர்த்தியைப் பாதுகாப்பாக நிறுத்துவது எப்படி?

புதிய காலணிப் பெட்டிக்குள் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தின் வேலையைத்தான் தொழிற்சாலைகளில் இரட்டை உருளை கொண்ட உலர்த்திகள் செய்கின்றன. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றின் ஈரத்தை உருளைகளில் நிரப்பப்பட்டுள்ள அலுமினா அல்லது சிலிக்கா ஜெல் மணிகள் ஈர்த்துக்கொள்கின்றன. ஓர் உருளை காற்றை உலர்த்தும்போது மற்றொன்று தன்னிடம் சேர்ந்த ஈரத்தை வெளியேற்றும்.

பராமரிப்புக்காக இதை நிறுத்தும்போதுதான் ஆபத்து நேர்கிறது. மின்சாரத்தைத் துண்டித்தவுடன் பல உலர்த்திகளில் வெளியேற்று வால்வுகள் மூடிக்கொள்வதால், காற்று உள்ளேயே அடைபட்டுவிடும். 7 பார் அழுத்தத்தில், 10 செ.மீ. விட்டமுள்ள மூடியின் மீது சுமார் 560 கிலோ எடைக்கு இணையான விசை செயல்படும். போல்ட்டைக் கழற்றும் தொழிலாளியின் முகம் பெரும்பாலும் அதற்கு நேரே இருக்கும்.

எனவே, மின்சாரத்தைத் துண்டிப்பது முதல் வேலை அல்ல. ஆலைக்குக் காற்று தொடர்ந்து தேவையெனில் பைபாஸ் வால்வைத் திறந்துவிட்டு, உலர்த்தியின் உள்வரும், வெளிச்செல்லும் வால்வுகளை மெதுவாக மூட வேண்டும். வெப்பமூட்டும் வகையாயின், குளிரும் கட்டம் முடியும்வரை காத்திருப்பது அவசியம். அதன் மணிகள் 150 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறியிருக்கக்கூடும். கட்டுப்பாட்டுக் கருவி இயங்கிக்கொண்டிருந்தால், உருளைகள் முறைமாறி எஞ்சிய காற்றை வெளியேற்றிவிடும். இரண்டு அழுத்தமானிகளும் பூஜ்யம் காட்டிய பிறகே மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டிட்டு, எச்சரிக்கை அட்டை தொங்கவிட வேண்டும்.

இதில் அவசரம் கூடாது. அழுத்தத்தைத் திடீரென இறக்கினால் மணிகள் துள்ளி உரசித் தூளாகும். அந்தத் தூள் சைலன்சரை அடைத்தால் காற்று வெளியேறுவது தாமதமாகும். அழுத்தமானியும் பழுதாகியிருக்கலாம். ஆகவே, கையால் இயக்கும் வடிகால் வால்வைத் திறந்து, சீறல் ஒலி முற்றிலும் அடங்கியதை உறுதிசெய்த பின்னரே போல்ட்டுகளைத் தொட வேண்டும். அப்போதும் பக்கவாட்டில் நின்றே தளர்த்த வேண்டும்.

இயற்கை எரிவாயு உலர்த்திகளில் நடைமுறை இன்னும் கடுமையானது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தாலே தீப்பற்றும் என்பதால், வாயுவைத் திறந்தவெளியில் விடாமல் எரிகோபுரத்துக்கு அனுப்பி, உருளையை நைட்ரஜனால் கழுவுகின்றனர். நிறமோ மணமோ இல்லாத நைட்ரஜன் மூச்சுத்திணறலை உண்டாக்கும் என்பதால், ஆக்சிஜன் அளவைச் சோதிக்காமல் எவரும் உள்ளே இறங்கக் கூடாது. இத்தகைய பணிகளுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி பெறும் முறையை எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் 105-ஆம் எண் தரநிலை வகுத்துள்ளது.

மீண்டும் இயக்கும்போதும் உள்வரும் வால்வைச் சிறிது சிறிதாகவே திறக்க வேண்டும்.