உங்களுக்குத் தெரியுமா? ஆயுதம் ஏந்தாமலிருக்க ஒரு தாலி!

இலங்கைப் போரின் கடைசி ஆண்டுகளில் அந்நாட்டின் வடக்கே உள்ள வன்னிப் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. மணமானவர்களை விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் பிடித்துப் போகமாட்டார்கள் என்று பெற்றோர் நம்பியதே காரணம். படிக்கிற வயதில் தாலி! அந்தத் தாய் தகப்பனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

• வீட்டுக்கு ஒருவர் போருக்கு வரவேண்டும் என்றது புலிகளின் கட்டளை. பெற்றோர் பதுங்கு குழியிலும் காட்டிலும் பிள்ளைகளை ஒளித்தார்கள். சிலர் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள்.

• தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழருக்கான முகாம்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் மூன்று: லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை. 2021 முதல் இவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர்.

• கட்டாய ஆள்சேர்ப்புக்குத் தப்பியவர்களும் அகதிகளாகலாம் என்கிறது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் 2013 வழிகாட்டுதல். ஆனால் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை.

• அகதி என்ற பாரம் அடுத்த தலைமுறைக்கும் இறங்குகிறது. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் பிறப்பால் குடியுரிமை இல்லை. சில அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை பெற வழிசெய்த 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை.