முதல் பல், முதல் முடி வைக்க 10,000 ரூபாய்க்கு வெள்ளிப் பெட்டி… வாங்கலாமா?



போன வாரம் ஆனைக்குட்டத்துல இருந்து என் சித்தி பொண்ணு போன் பண்ணினா. அவ மகளுக்கு ஒரு வயசு ஆகப்போகுது, இருக்கன்குடி மாரியம்மன் கோயில்ல மொட்டை போடப்போறாங்க. "அண்ணே, முதல் முடியையும் முதல் பல்லையும் பத்திரமா வைக்க ஒரு பெட்டி இன்ஸ்டாகிராம்ல பார்த்தேன். வெள்ளியில பேர் பொறிச்சுத் தர்றாங்க. பத்தாயிரம் ரூபாய். வாங்கலாமா?"

அவ வீட்டுக்காரர் பட்டாசு ஃபேக்டரியில வேலை பார்க்கிறார். தீபாவளி முடிஞ்சா சில வாரம் வேலை இருக்காது, சம்பளமும் இருக்காது. அந்த வீட்டுக்குப் பத்தாயிரம் சின்னத் தொகை இல்ல.

ஆசையில தப்பே இல்லைங்க. காய்ஞ்சு விழுந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்துல அடைச்சு அரைஞாண்ல கட்டுறவங்கதானே நாம? அதுவும் ஒரு நினைவுப் பெட்டிதான். ஆனா முடி சாமிக்கு, பல் கூரைக்குன்னு நினைக்கிற பெரியவங்க வீட்ல இருப்பாங்க. மொட்டைக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

பில்லைப் பிரிச்சுப் பாருங்க

வெள்ளி எத்தனை கிராம், செய்கூலி எவ்வளவுன்னு தனித்தனியா கேளுங்க. அதுக்கு மேல 3% ஜிஎஸ்டி. மறுபடி விற்கப் போனா வெள்ளி எடைக்குத்தான் காசு, செய்கூலியும் வரியும் திரும்பாது. வெள்ளி முலாம் பூசினதா இருந்தா அந்த எடைக் காசும் கிடையாது.

இன்னொண்ணு: பால் பல் மொத்தம் 20, முதல் பல் விழவே சுமார் ஆறு வயசாகும். அதுவரைக்கும் பல் வைக்கிற அறை காலியாத்தான் இருக்கும்.

அதே 10,000 ரூபாயை செல்வமகள் சேமிப்புத் திட்டத்துல போட்டா? 2024 ஜனவரியில அமலுக்கு வந்த 8.2% வட்டி அப்படியே நீடிச்சா, 21 வருஷத்துல சுமார் 52,000 ரூபாய். வட்டிக்கு வரியும் இல்ல. (வட்டியை அரசு ஒவ்வொரு காலாண்டும் மாற்றலாம்.)

பல் ஸ்டெம்செல் பேங்க்: வேண்டவே வேண்டாம்

"பால் பல்லை எங்ககிட்ட குடுங்க, ஸ்டெம்செல் எடுத்து வைக்கிறோம்"னு யாராவது சொன்னா பணம் கட்டாதீங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2017 வழிகாட்டுதல்படி, வணிக ரீதியா சேமிக்க அனுமதி தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டும்தான். பல்லுக்கு இல்ல.

பெட்டிக்குள்ள உண்மையில இருக்க வேண்டியது

1. செல்வமகள் பாஸ்புக். பத்து வயசுக்குள்ள போஸ்ட் ஆபீஸ்லயோ பேங்க்லயோ திறக்கணும். வருஷத்துக்குக் குறைஞ்சது 250 ரூபாய். மாசம் 1,000 ரூபாய்னு 15 வருஷம் கட்டினா, இதே வட்டியில 21-ஆம் வருஷம் சுமார் 5.5 லட்சம். பையனா இருந்தா பிபிஎஃப் கணக்கு.

2. அப்பாவோட காப்பீடு. வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு (பிரதமர் சுரக்ஷா பீமா), 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு (ஜீவன் ஜோதி). ரெண்டும் சேர்த்து 456 ரூபாய், பேங்க் கணக்குல இருந்தே பிடிச்சுக்குவாங்க. இது போதும்னு சொல்லல, இதுவாவது இருக்கட்டும்.

3. நாமினி விவரம் எழுதின ஒரு தாள், குழந்தையோட பிறப்புச் சான்றிதழ் நகல்.

இந்த மூணாவதைக் கேட்டப்போதான் போன்ல சத்தமே இல்ல. விசாரிச்சா, மாப்பிள்ளையோட பேங்க் கணக்குல நாமினி அவரோட அப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது. அவர் தவறி மூணு வருஷமாச்சு. விபத்துக் காப்பீடும் எடுக்கல.

மருந்துக்கு நடுவுல நிக்கிற மனுஷன். இதுக்கு மேல நான் எதுவும் சொல்லல.

மறுநாளே ரெண்டு பேரும் பேங்க்குக்குப் போய் நாமினியை மாத்திட்டு, ரெண்டு காப்பீட்டுக்கும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. பெட்டி? சிவகாசியில பெட்டிக்கா பஞ்சம்! பக்கத்து வீட்டுப் பையன் பிரஸ்ல இருந்து கெட்டி அட்டையில ஒண்ணு செஞ்சு கொடுத்துட்டான். முடியை நல்லா உலர்த்தி, காகித உறையில போட்டு, தேதி எழுதி வைக்கச் சொல்லியிருக்கேன். அதே பெட்டியில இப்போ செல்வமகள் பாஸ்புக்கும் இருக்கு.

உங்க வீட்டு பேங்க் கணக்குல நாமினி யாருன்னு இன்னைக்கே பாருங்க. பார்த்துட்டு கமெண்ட்ல "பார்த்தாச்சு"ன்னு ஒரு வார்த்தை போடுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!