மின்சாரச் சறுக்குப் பலகைக்கு ஓர் அளவுமானி

மின்சார ஸ்கேட்போர்டு, மின்கலங்களாலும் மோட்டாராலும் ஓடும் சக்கரப் பலகை. அதன் வேகத்தையும் மின்கலத்தின் நிலையையும் காட்டும் கருவியை நாமே அமைக்கலாம்.

அளவுகளை வெளியே அனுப்பவல்ல மோட்டார் கட்டுப்படுத்தி, அவற்றைக் கணக்கிட ஒரு மைக்ரோகண்ட்ரோலர், ஒரு சிறு திரை ஆகியவை போதும். மைக்ரோகண்ட்ரோலருக்கு அதற்கேற்ற குறைந்த மின்னழுத்தம் மட்டுமே தரவேண்டும். மின்கல அடுக்கை நேராக இணைத்தால் கருகிவிடும்.

கட்டுப்படுத்தி அனுப்புவது வேகத்தை அன்று. மோட்டாரின் மின்சுழற்சி எண்ணிக்கையை. மோட்டாரில் 7 இணைக் காந்தமுனைகள் இருந்தால், 7 மின்சுழற்சிக்கு அச்சு ஒருமுறை சுற்றும். நிமிடத்துக்கு 21,000 மின்சுழற்சி எனில், அச்சு 3,000 முறை சுற்றும். மோட்டாரின் பல்சக்கரத்தில் 15 பற்களும் ஓடும் சக்கரத்தினுடையதில் 36 பற்களும் இருந்தால், ஓடும் சக்கரம் 1,250 முறை சுற்றும். அதன் விட்டம் 9 செ.மீ. எனில், வேகம் மணிக்குச் சுமார் 21 கி.மீ. சக்கரம் 8.5 செ.மீ. ஆகத் தேய்ந்தால் உண்மை வேகம் 20 கி.மீ.; திரையோ 21 என்றே காட்டும்!

மின்னழுத்தமும் ஏமாற்றக்கூடும். மின்கல அடுக்கின் அகமின்தடை 0.1 ஓம் என்போம். மேடேறும்போது 30 ஆம்பியர் பாய்ந்தால், ஓம் விதிப்படி 3 வோல்ட் குறையும். நிற்கும்போது 33 வோல்ட் காட்டிய அடுக்கு, மேட்டில் 30 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். கட்டுப்படுத்தியின் வெட்டு எல்லை அதுவானால், நடுவழியில் மோட்டாரின் விசை நின்றுவிடும். ஆகவே, திரையில் மின்னோட்டத்தையும் சேர்த்துக் காட்டுவது அவசியம்.

20 ஆம்பியர் பாய்ந்தால் அடுக்கு எத்தனை வோல்ட் காட்டும்? கணக்கிட்டுப் பாருங்கள்.