மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் ‘அரும்பு’?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வரை. பிறகு 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. பெற்றோரின் சந்தேகங்கள் மட்டும் ஓயவில்லை.

*என் மகன் மூன்றாம் வகுப்பு. அரும்புக் குழுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஃபெயில் போட்டுவிட்டார்களா?*

இல்லை. வகுப்பு மாறவில்லை. இப்போதுதான் எழுத்துகளைப் பழகுபவர்கள் அரும்பு, ஓரளவு தேறியவர்கள் மொட்டு, வகுப்புக்குரிய பாடத்தை எட்டியவர்கள் மலர். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது விட்டுப்போனதைப் பிடிக்கத்தான் இந்தப் பிரிப்பு.

*வீட்டில் பாடத்தைக் கடகடவென்று சொல்கிறானே?*

சொல்வான். பழகிய பக்கத்தைப் படத்தைப் பார்த்தே ஒப்பித்துவிடும் பிள்ளைகள் ஏராளம். அவன் பார்த்திராத நாலு வரியைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ‘படம்’, ‘மரம்’ ஓடும். ‘மேகம்’ வந்தால் தயங்கலாம்: கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ மகரத்துக்குப் பின்னால் வருகிறது. உகர வரிசை இன்னும் படுத்தும். கு, சு, து, மு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். ஒரு குறியைக் கற்றுக்கொண்டு எல்லா எழுத்திலும் ஒட்டிவிட முடியாது. அங்கே தடுக்குகிற பிள்ளையிடம் ஒரு பக்கக் கதையை நீட்டினால், மற்றவர்களோடு சேர்ந்து வாயசைக்கத்தான் பழகுவான். முதலில் அந்த வரிசை கைவர வேண்டும்.

*நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் தேங்கிவிட மாட்டார்களா?*

எல்லோருக்கும் ஒரே வேலை கொடுத்தால் தேங்குவார்கள். மலர்க் குழுவுக்குக் கதை கொடுக்க வேண்டும். நுழை, நட, ஓடு, பற என வாசிப்புத் திறனை ஒட்டிப் பிரித்த சிறுநூல்கள் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்திலேயே இருக்கின்றன. அலமாரியைப் பூட்டாமல் இருந்தால் போதும்.

*ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா?*

இந்தச் சந்தேகம் நியாயமானது. ஈராசிரியர் பள்ளிகளில் திணறல் உண்டு. செயலியில் மதிப்பீட்டைப் பதிவேற்றவே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் புலம்புவதும் பொய்யல்ல. பதிவேற்றத்தைக் குறைத்தால், பிள்ளை வாசிப்பதைக் கேட்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

*எப்போது மேலே ஏறுவான்?*

தேறியவுடன் ஏற்ற வேண்டும், குழு நிரந்தரமல்ல. ஒரு பருவம் முடிந்தும் அதே இடம் என்றால், “எந்த எழுத்தில் தடுக்குகிறான்?” என்று ஆசிரியரிடம் கேளுங்கள். “சுமார்தாங்க” என்பதோடு நிறுத்தினால் விடாதீர்கள். உங்கள் எதிரிலேயே அவனை நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள்.