உயிர் தப்பியோரின் சாட்சியும் வாசகரின் பொறுப்பும்

சாட்சி என்பது திருச்சபையில் நாள்தோறும் வழங்கும் சொல். பெற்ற நன்மையைச் சபை நடுவே எடுத்துரைத்துத் துதியுடன் முடிப்பதையே நாம் பெரும்பாலும் சாட்சி என்கிறோம். நாசி ஆட்சியில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். அப்படுகொலையினின்று உயிர் தப்பியோர் எழுதிவைத்த சாட்சியோ அவ்வகையானதன்று. அது துதியில் முடிய வேண்டுமென நாம் எதிர்பார்ப்பதும் தகாது. அதனை எவ்வாறு வாசிப்பது என்பது திருப்பணியாளராகிய நாம் ஆராய வேண்டிய வினாவாகும்.

எலீ வீசல் 1944ஆம் ஆண்டு, தம் 15ஆம் வயதில், குடும்பத்தாருடன் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தாயும் தங்கையும் அங்கே கொல்லப்பட்டனர். தந்தை 1945 ஜனவரியில் புக்கன்வால்ட் முகாமில் மடிந்தார். 1958இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த 'இரவு' என்னும் நூலில், கைதிகள் முன்னிலையில் ஒரு சிறுவன் தூக்கிலிடப்பட்டதை அவர் விவரிக்கிறார். உடல் எடை குறைந்தவனாதலால் அரை மணி நேரத்திற்கு மேலாகியும் அவன் உயிர் பிரியவில்லை. கடவுள் எங்கே என்று ஒருவர் வினவுகிறார். இத்தூக்குமரத்தில்தான் தொங்குகிறார் என்று வீசலின் உள்ளம் விடை கூறுகிறது.

யூர்கன் மோல்ட்மன் 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்னும் தம் நூலில் (1972) இந்நிகழ்ச்சியைச் சிலுவையின் ஒளியில் விளக்கினார். துன்புறுவோருடன் கடவுளும் துன்புறுகிறார் என்பது அவர் கண்ட பொருள். அது ஆழ்ந்த இறையியல் கருத்தே. ஆனால் அது வீசலின் சாட்சி அன்று. அடுத்துவரும் பக்கங்களில் யூதப் புத்தாண்டு வழிபாட்டில் அவர் கடவுளைப் போற்ற மறுக்கிறார். பாவநிவிர்த்தி நாளில் உபவாசத்தைக் கைவிடுகிறார். அப்பக்கங்களை விட்டுவிட்டு இவ்வொரு பகுதியை மட்டும் அருளுரையில் எடுத்தாளும்போது, குற்றச்சாட்டு ஆறுதலாக மாற்றப்படுகிறது. யூதச் சிறுவனின் மரணம் நம் கோட்பாட்டிற்கு எடுத்துக்காட்டாகிவிடுகிறது.

இதில் நாம் மிகுந்த அச்சத்துடன் நடக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. கொலை புரிந்தோரில் பெரும்பாலோர் திருமுழுக்குப் பெற்றவர்கள். யூதரின் ஜெப ஆலயங்களை எரிக்க வேண்டுமென 1543இல் எழுதியவர் லூத்தர். 1945 அக்டோபரில் ஜெர்மானியச் சீர்திருத்தச் சபையார் ஸ்டுட்கார்ட் நகரில் வெளியிட்ட குற்ற அறிக்கையில் யூதர் என்ற சொல்லே இல்லை. 1950இல் வைசென்சேயில் கூடிய ஆட்சிமன்றமே யூதருக்கு இழைத்த குற்றத்தை வெளிப்படையாக ஏற்றது. மனந்திரும்ப விழைந்த சபைக்குங்கூடச் செவிகொடுத்தல் எளிதாக இருக்கவில்லை.

ஆகவே, இத்தகைய நூலை முழுமையாக வாசிப்போம். எடுத்துரைக்கும்போது பெயரும் இடமும் ஆண்டும் தவறாது கூறுவோம். எழுதியவர் எங்கே நிறுத்தினாரோ அங்கே நாமும் நிறுத்துவோம். அவர் எழுதாத உயிர்த்தெழுதலை நாம் சேர்த்து எழுதலாகாது. மீண்டு வந்தோர் முழுமையான சாட்சிகள் அல்லர். அடியாழத்தைக் கண்டோர் மீளவேயில்லை என்பதை, அங்கிருந்து மீண்ட பிரீமோ லேவியே 1986இல் எடுத்துக்காட்டினார். எழுதப்பட்ட சாட்சிக்குப் பின்னால் எழுதப்படாத மௌனமும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாதிருந்தனர். கடவுளுக்காக வாதாட வாய் திறந்தபின்னரே அவர்கள் தவறினர். இறுதியில் கடவுளின் கோபம் முறையிட்ட யோபின்மேல் அன்று, தமக்காக வாதாடிய அந்நண்பர்கள்மேலேயே மூண்டது. பிரசங்க மேடையில் நிற்கும் நாம் இதனை நினைவிற் கொள்வோமாக.