கிண்ணத்துக்கு முன் கணக்குப் புத்தகம்

பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டியைக் கடந்தால் மண்கும்பான். போர் தீவக மக்களைச் சிதறடித்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். நம் பிள்ளைகளில் பலர் புத்தளத்திலேயே வளர்ந்தார்கள். இப்படி ஆள் குறைந்த ஊரில் ஒரே வயதில் பதினொரு பையன்களைச் சேர்ப்பதே கஷ்டம்.

அதனால் சுற்றுப்போட்டி வந்தால் வெளியூர் வீரர்களை இரவல் வாங்கலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிண்ணம் அலுமாரிக்கு வரும். வெளியே உட்கார வைத்த நம் பையன் மறுபடி மைதானத்துக்கு வரமாட்டான்.

நிர்வாகம் கெட்டால் திறமைக்கும் வழியில்லை. 2023 ஜனவரியில் வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தை பீஃபா இடைநிறுத்தியது. ஓகஸ்டில் தடை நீங்கும்வரை தேசிய அணிக்கே சர்வதேசப் போட்டி இல்லை.

நல்ல நிர்வாகத்துக்குப் பலனும் உண்டு. ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வீரரை வெளிநாட்டுக் கழகம் விலைக்கு வாங்கினால், 12 முதல் 23 வயதுவரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்கு அத்தொகையில் 5 வீதம் சேரவேண்டும் என்பது பீஃபா விதி. முறையான பதிவில்லாத கழகம் அதைக் கேட்க முடியாது.

ஆண்டுக்கொரு பொதுக்கூட்டம், எல்லோரும் பார்க்கக்கூடிய வரவு செலவு, சிறுவயதிலிருந்தே வீரர் பதிவு: இம்மூன்றும் போதும். ஊர் தரும் பணமும் பிள்ளைகளும் நம்மிடம் உள்ள அமானிதம். அதைக் காப்போம், கிண்ணம் பிறகு வரட்டும்.